பிபிஏ இன்டர்நேஷனல் பிசினஸ் சேரலாமா, பி.காம். போதுமா? (மும்பை)

செம்பூர் பையன்:
வணக்கம். பன்னிரண்டாவது காமர்ஸ் முடித்துவிட்டேன். நவி மும்பையில் ஒரு தனியார் கல்லூரியில் பிபிஏ இன்டர்நேஷனல் பிசினஸ் கிடைக்கும் போலிருக்கிறது. வருடத்துக்கு ரெண்டரை லட்சம். அப்பா தாராவியில் லெதர் பை தைக்கும் பட்டறையில் மேஸ்திரி. "பேரைப் பார்த்து மயங்காதே, பேசாமல் பி.காம். படி" என்கிறார். அவர் தைக்கிற பை துபாய் வரைக்கும் போகிறது. அனுப்புகிற ஆள் வேறு, காசும் அவருக்குத்தான். எனக்கு அந்த அனுப்புகிற வேலை வேண்டும். இந்தப் படிப்பு அதற்கு உதவுமா?

மாட்டுங்கா மாமா:
அப்பா சொல்வதுதான் சரி. பி.காம். முடி, எம்பிஏ நுழைவுத்தேர்வான கேட் (CAT) எழுது, டெல்லி ஐஐஎஃப்டியில் (இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம்) எம்பிஏ இன்டர்நேஷனல் பிசினஸ் சேர். 1963-இல் மத்திய அரசு இதற்கென்றே தொடங்கிய நிறுவனம். அங்கே என்ன டிகிரி என்று பார்க்க மாட்டார்கள், மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஏழரை லட்சத்தை இப்போதே கொட்டுவானேன்?

பெலாப்பூர் அக்கா:
மாமா, எல்லாருக்கும் கேட் கைகூடுமா? தம்பி, நான் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில், அதாவது அடுத்தவர் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுக்கிற இடத்தில், டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். படித்தது வரலாறு, அதுவும் திருநெல்வேலியில். அதனால் இந்தப் பட்டம் இல்லாமல் உள்ளே வர முடியாது என்று எவராவது சொன்னால் நம்பாதே. ஆனால் நான் திட்டு வாங்கி வாங்கிக் கற்றதை நீ வகுப்பில் உட்கார்ந்து கற்கலாம், ஒழுங்காக நடத்தினால்.

ஒன்று சொல்கிறேன். எல்.சி. (வாங்குகிறவரின் பாங்க் தரும் பண உறுதிக் கடிதம்) இருந்தால் பணம் நிச்சயம் என்று நினைப்பார்கள். பாங்க் சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும்; எல்.சி.க்கு பாங்குகள் பின்பற்றும் யுசிபி 600 விதியே அப்படித்தான். எங்களிடம் வந்த ஒரு ஏற்றுமதியாளருக்கு எல்.சி.யில் ஏற்றும் துறைமுகம் மும்பை என்று இருந்தது. கன்டெய்னர் ஏறியது நவி மும்பைப் பக்கம் இருக்கிற நவசேவா துறைமுகத்தில், பி.எல்.லிலும் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) நவசேவா. நமக்குக் கடலுக்கு இந்தக் கரை, அந்தக் கரை, அவ்வளவுதான். பாங்க் டிஸ்க்ரெபன்சி, அதாவது காகிதம் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று போட்டுவிட்டது. வாங்குகிறவர் ஊரில் விலை இறங்கியிருந்த நேரம், அவருக்கு நல்ல சாக்கு. குறைத்துக் கொடு என்றார். சரக்கு அந்த ஊர்த் துறைமுகத்தில் கிடந்து டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏற, ஏற்றுமதியாளர் இறங்கி வந்தார். எல்.சி. வந்த அன்றே படித்துப் பார்த்து, "எனி இந்தியன் போர்ட்" என்று திருத்தம் கேட்டிருந்தால் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்கிற பையனை எங்கள் மேனேஜர் பட்டம்கூடக் கேட்காமல் எடுத்துக்கொள்வார்.

அதனால் கல்லூரிக்குப் போனால் பிளேஸ்மென்ட் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. மூன்றாம் வருடப் பையன் ஒருவனை ஓரமாகக் கூப்பிட்டு, ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்) நிரப்பிப் பார்த்திருக்கிறாயா, எச்.எஸ். கோட் (ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள வகை எண்) தேடத் தெரியுமா என்று கேள். உன் அப்பா பையையே எடுத்துக்கொள். 42-ஆம் அத்தியாயம், 4202. கைப்பையின் வெளிப்பக்கம் லெதர் என்றால் 4202 21, ரெக்சின், துணி என்றால் 4202 22. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, நம் ஊரில் எட்டாக நீளும். அந்தப் பையன் திருதிருவென்று முழித்தால் ரெண்டரை லட்சத்தைப் பத்திரமாக வீட்டிலேயே வை.

பாடத்தில் இன்கோடெர்ம்ஸ் 2020 வரும்; சரக்குக்கு எதுவரை விற்கிறவர் பொறுப்பு, எங்கிருந்து வாங்குகிறவர் பொறுப்பு என்று சொல்லும் விதிகள், மொத்தம் பதினொன்று. கன்டெய்னருக்கு எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை விற்கிறவர் பொறுப்பு) போடாதே, எஃப்.சி.ஏ. (கொண்டுபோகிறவரிடம் ஒப்படைக்கும் வரை பொறுப்பு) போடு என்பார்கள். சரிதான். ஆனால் எங்களுக்கு வருகிற இன்வாய்ஸில் விமானத்தில் போகிற சரக்குக்குக்கூட எஃப்.ஓ.பி. என்று எழுதியிருக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் திருத்தப் போய் கஸ்டமரிடம் முறைப்பு வாங்குவார்கள். பார்க்கத் தமாஷாக இருக்கும்.

அப்புறம், 2024-லிருந்து பிபிஏவுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அங்கீகாரம் வேண்டும், மகாராஷ்டிராவில் தனி சிஇடியும் (நுழைவுத்தேர்வு) உண்டு. அதிலிருந்து தப்பிக்கச் சில கல்லூரிகள், பிபிஏ மாதிரியே மேலாண்மைப் படிப்பான பிஎம்எஸ்ஸுக்கு பி.காம். (மேனேஜ்மென்ட் ஸ்டடீஸ்) என்று பெயர் மாற்றிவிட்டன. உன் கல்லூரி எந்த ரகம் என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

டாக் யார்டு ரோடு:
கஸ்டம்ஸ் புரோக்கர் (ஏற்றுமதி இறக்குமதிக்காரர்களுக்காகக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துத் தருபவர்) ஆபீஸில் இருக்கிறேன். அக்கா ஒன்றை விட்டுவிட்டார். நாளைக்குச் சொந்தமாக புரோக்கர் லைசென்ஸ் எடுக்க ஆசைப்பட்டால் பட்டதாரியாக இருக்க வேண்டும்; கூடவே எம்பிஏ மாதிரி ஒரு தொழிற்பட்டம், இல்லாவிட்டால் ஜி கார்டோடு (தேர்வு எழுதித் தேறிய புரோக்கர் ஊழியருக்குக் கஸ்டம்ஸ் தரும் அட்டை) இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதற்கு பி.காமும் ஒன்றுதான், பிபிஏவும் ஒன்றுதான். பி.காம். சேர்ந்துவிட்டு மதியத்துக்கு மேல் எங்களை மாதிரி ஆபீஸில் ஒட்டிக்கொள். சம்பளம் சொல்கிற மாதிரி இருக்காது, வேலை வந்துவிடும்.

செம்பூர் பையன்:
நன்றி அக்கா, அண்ணா. அப்பாவிடம் 4202 சொன்னேன். அவர்கள் பைக்கு உள்ளே துணி, வெளியே லெதர், அப்போ எது என்று கேட்கிறார். கல்லூரிக்கு வியாழக்கிழமை போகிறேன். பெலாப்பூரில் உங்கள் ஆபீஸை ஒரு தடவை பார்க்க முடியுமா அக்கா?

பெலாப்பூர் அக்கா:
வெளிப்பக்கம்தான் கணக்கு, 4202 21 என்று சொல். தாராளமாக வா. ஹார்பர் லைனில் நேர் வண்டி. கப்பல் கட்-ஆஃப் (சரக்கையும் காகிதத்தையும் கொடுக்கக் கடைசி நேரம்) இருக்கிற நாளில் மட்டும் வராதே, ஒரு வார்த்தை பேச நேரம் கிடைக்காது. முதல் நாள் தனிச்செய்தியில் கேட்டுவிட்டுக் கிளம்பு. அந்த மூன்றாம் வருடப் பையன் என்ன சொன்னான் என்பதையும் இங்கே எழுது.