கருவி முதலா, விதி முதலா? அறிவார்ந்த தேசம் பற்றி ஒரு விவாதம்

உட்லண்ட்ஸ் கதிர்:
சிங்கப்பூரின் அன்றாட வாழ்வில் மின்னியல் தொழில்நுட்பத்தைப் புகுத்தும் அறிவார்ந்த தேசத் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. 2024 அக்டோபரில் அடுத்த கட்டத்தையும் அறிவித்துவிட்டார்கள். ஆனால் இந்த ஊர் நெரிசலில் திணறாமல் இருப்பதற்குக் கருவிகளைவிட விதிகளே காரணம் என்பது என் உறுதியான கருத்து. 1975இல் காலை நேரத்தில் நகர மையத்துக்குள் கார் ஓட்டிப் போக உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். கண்ணாடியில் ஒட்டிய வெறும் காகிதம். எல்லையில் நின்ற அதிகாரி கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார். நெரிசல் உடனே குறைந்தது. 1998இல் வந்த ஈஆர்பி என்ற சாலைக் கட்டண முறை அதே விதியை மின்னியலாக்கியது, அவ்வளவுதான். இப்போதோ செயலி முதலில் வருகிறது, விதியைப் பிறகு யோசிக்கிறார்கள்.

பொங்கோல் மீனா:
"அவ்வளவுதான்" என்று எப்படிச் சொல்கிறீர்கள் கதிர் அண்ணே? விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டருக்குள் இருக்கும்படி ஈஆர்பி கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். சாலைக்குச் சாலை, அரை மணிக்கு அரை மணி மாறும் கட்டணம் அது. காகிதச் சீட்டில் நடக்குமா?

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து மீட்டர் பார்க்கும் முறையில், கழிவறைத் தொட்டி கசிந்தால் பில் வந்த பிறகுதான் தெரியும். அறிவார்ந்த மீட்டர் தினமும் பல முறை அளவை அனுப்புகிறது, கசிவு என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்காரருக்குத் தகவல் போகிறது. முதல் கட்டத்திலேயே 3 லட்சம் மீட்டர்கள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தம் 2061இல் முடியப்போகும் நாட்டில் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியாது.

சிராங்கூன் பெரியவர்:
மீட்டர் சரி அம்மா. பேருந்து, ரயில் கட்டணம் கட்டும் புதிய முறையான சிம்ப்ளிகோவுக்கு என்ன சொல்வீர்கள்? 2024 ஜனவரி 9 அன்று, ஜூன் முதல் பழைய அட்டை முறை கிடையாது என்று அறிவித்தார்கள். புதிய முறையில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பது பேருந்திலும் ரயில் நுழைவாயிலிலும் தெரியாது. கைப்பேசியில் பார்க்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் ஜனவரி 22 அன்று முடிவை மாற்றிக்கொண்டார்கள். பழைய முறையை நீட்டிக்கக் கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவு. தட்டும்போதே மீதியைப் பார்த்துக்கொள்ளும் கிழவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! எங்களை முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்குமே.

பொங்கோல் மீனா:
கேட்டிருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை ஐயா. ஆனால் இரண்டே வாரத்தில் பின்வாங்கினார்கள். அதுவும் நல்ல நிர்வாகம்தான்.

ஜூரோங் வேலன்:
செயலிகளுக்கான கணினிகளை வைத்திருக்கும் தரவு நிலையத்தில் நான் வேலை பார்க்கிறேன். இங்கே யாரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லையே! இந்தச் செயலி, கேமரா எல்லாம் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாகக் குளிரூட்டியோடுதான் ஓடுகின்றன. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே எடுத்துக்கொண்டன. நம் மின்சாரமோ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் கிடைப்பது. அதனால்தான் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய நிலையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். 2023இல் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு தரநிலை வந்தது: அறை வெப்பத்தை 26 டிகிரி, அதற்கு மேலும் வைக்கலாம் என்று. ஒரு டிகிரி கூட்டினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம். நீடித்த நகரம் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் கதிர்:
வேலன் சொன்ன அந்தத் தடையும் ஒரு விதிதான், கவனியுங்கள்.

மீனா, டிரேஸ்டுகெதர் செயலி நினைவிருக்கிறதா? கொரோனா தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்றார்கள். காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தும் சட்டம் அடுத்த மாதம் நிறைவேறியது. அந்தச் சட்டம் முதல் நாளே இருந்திருக்க வேண்டும். இப்போது ஈஆர்பி 2.0: துணைக்கோள் வழி இடமறியும் கருவியை 2023 முதல் வண்டிகளில் பொருத்துகிறார்கள். தூரத்துக்குக் கட்டணமா என்று கேட்டால், இன்னும் முடிவில்லை என்கிறார்கள். என் வண்டி போகும் வழியை அறியும் கருவிக்கு, அது எதற்கு என்ற முடிவு முன்னாலேயே வேண்டாமா?

பொங்கோல் மீனா:
தரவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டம் முதலிலேயே வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் அண்ணே. கட்டணத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழுக்கு ஒரு பெருந்தொகை கட்டியவர், காசு போட்டாயிற்றே என்று வண்டியை எடுத்துக்கொண்டே இருக்கிறார். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கும் அதே தொகைதான். தூரத்துக்கு ஏற்ற கட்டணம் இதைச் சரிசெய்யும் என்று நான் நம்புகிறேன். கருவி இல்லாமல் அந்த விதியை எழுதி என்ன பயன், எதை வைத்து அளப்பீர்கள்?