செருப்பு ஆர்க்கிட்: ஒருமுறை பூத்த கன்று மறுபடி பூத்ததா? உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர்வாசி:
மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது இன்சிக்னி, செருப்பு வடிவில் பூக்கும் ஆர்க்கிட் வகைகளில் ஒன்று. மாமியார் கொடுத்த தொட்டி. மார்கழிதோறும் இரண்டு மூன்று பூ தவறாது. இந்த முறை ஒரே பூ. அது வாடியதும், பூத்த இலைக்கொத்தை அடியோடு அறுத்துவிட்டேன். "வாழை மாதிரிதான். ஒருமுறை பூத்தது இனிப் பூக்காது, எடுத்துவிடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கத்தி இறங்கியபோது வெள்ளரிக்காயை அரிவதுபோல நறுக்கென்று சத்தம் கேட்டது. ஓர் இலையில்கூடப் பழுப்பு இல்லை. எருக்குழியில் வீசப் போகும்போதுதான் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அரிசிமணி அளவில், வெள்ளையாக ஒரு முளைக்கண். பார்த்தும் வீசிவிட்டேன். தொட்டியில் மிஞ்சிய சின்னக் கன்று மூன்று வாரமாகப் புது இலை விடவில்லை. பூத்த கொத்தை அப்படியே விட்டுவைத்தவர்கள் சொல்லுங்கள்.

பினாங்குத் தோழி:
பூக்காது என்று யார் சொன்னது? என் பிரிமுலினம் வகைச் செருப்பு ஆர்க்கிட் சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு முதல் பூ விட்டது. இந்த ஆண்டு தைப்பூசமும் முடிந்துவிட்டது, அதே கொத்து, அதே காம்பு, இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வாசலைப் பெருக்க வந்தேன். மஞ்சள் செருப்பு ஒன்று துளியும் வாடாமல் கோலத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் காம்பின் நுனியில் அடுத்த மொட்டு விரியத் தொடங்கியிருந்தது. பதினோராவது பூ அது. கையில் எடுத்த பூவைக் கீழே போட மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அறுத்திருந்தால் இதெல்லாம் உண்டா?

தேனி வாழைக்காரர்:
பினாங்குச் சகோதரி, மறுபடி பூப்பது என்று அதைச் சொல்ல முடியாது. ஒரே காம்பு நீண்டுகொண்டே போய், ஒவ்வொரு செதிலின் மறைவிலிருந்தும் ஒரு மொட்டாக வெளியே விடுகிறது. சுமத்ராவிலும் ஜாவாவிலும் விளையும் பிரிமுலினம், கிளாக்கோபில்லம் போன்றவற்றின் இயல்பு அது. ஓராண்டுக்கு மேலும் ஓடும். ஆனால் அந்தக் காம்பு ஓய்ந்தால் அந்தக் கொத்தின் கணக்கு முடிந்தது. செடியின் நடுக்குருத்தே பூங்காம்பாக மாறிவிடுவதால், அதற்குமேல் வளர நுனி கிடையாது. ஃபலனாப்சிஸ் என்ற வேறு ஆர்க்கிடில் காம்பைக் கணுவுக்குமேல் நறுக்கினால் பக்கத்தில் மறுபடி பூ வருமே, அதைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் எதிர்பார்க்கிறார்கள்.

குன்னூர்ச் சகோதரிக்கு: வாழையை உவமை சொன்னவர் வாழை வைத்ததில்லை என்று நினைக்கிறேன். தார் வெட்டியதும் மரத்தை அடியோடு சாய்க்க வேண்டியதில்லை. மறுதாம்பு விடுகிறவர்கள், அதாவது அடிக்கன்றை அடுத்த தாருக்கு வளர்ப்பவர்கள், பலர் மரத்தை நிற்கவைத்து, மெல்ல மெல்லத்தான் வெட்டுவார்கள். தண்டிலிருக்கும் சத்து கன்றுக்கு இறங்க வேண்டும். செருப்பு ஆர்க்கிடுக்கு நீரையும் உணவையும் சேர்த்துவைக்கும் குமிழ்த்தண்டும் இல்லை. இலையும் வேரும்தான் அதன் சேமிப்பு. என்னிடம் இருக்கும் புள்ளியிலை வகையில் பூத்த கொத்து மூன்று ஆண்டு பச்சையாக நின்றது. அதன் கன்று பூத்து முடித்த பிறகுதான் கீழிலையிலிருந்து ஒவ்வொன்றாக மஞ்சளித்தது. கடைசி இலையைப் பிடித்ததும் தானே கழன்று என் கையோடு வந்தது. இழுக்கக்கூட இல்லை.

அதனால் பச்சையாக இருக்கும்வரை எதையும் வெட்டாதீர்கள். பூக்காம்பை மட்டும் நறுக்குங்கள். பிரித்து நட ஆசைப்பட்டால் பிரிக்கும் ஒவ்வொரு பங்கிலும் மூன்று கொத்தாவது இருக்கட்டும். இன்னொன்று, வேர் முழுக்கக் காயும்வரை விடாதீர்கள். அதே சமயம் குருத்துக்குள் நீர் தேங்கினால் அழுகும், காலையிலேயே ஊற்றிவிடுங்கள். தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடும் மரப்பட்டைத் துண்டுகள் மக்கிப்போவதற்குள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். பச்சை இலை இன்சிக்னிக்கு மொட்டுக் கட்ட இரவுக் குளிர் வேண்டும். குன்னூரில் அதற்குக் குறைவில்லை, எங்கள் ஊரில்தான் முடியவில்லை.

நுவரெலியா ஆசிரியர்:
பூத்த கொத்தே மீண்டும் பூத்தது என்று நானும் ஒருமுறை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். என்னுடையது பெஸ்ஸியே கலப்பினம். பெஸ்ஸியே என்பது பெரு, எக்குவடோர் பக்கத்துச் செந்நிறச் செருப்பு ஆர்க்கிட். பழைய கொத்தின் நடுவே மொட்டு நின்றது. படம் பிடித்து, எனக்குச் செடி கொடுத்த பெரியவருக்கும் அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை. நேரில் வந்தார். கைவிளக்கை அடித்து, கீழிலை இரண்டை விரலால் விலக்கிக் காட்டினார். இலைக்கக்கத்தில் ஒடுங்கி, தனக்கென்று மூன்று குட்டி இலையும் ஒரு வேரும் வைத்திருந்த புதுக்கன்று அது. காம்பு அதனுடையது. தாயின் இலைகளுக்குள் ஒளிந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இந்த வகை தரையை விட்டு மேலேறியும் கன்று ஈனும் என்று அன்றுதான் அறிந்தேன். ஆகவே "அதே கொத்து பூத்தது" என்று எழுதுகிறவர்கள் முதலில் இலையை விலக்கிப் பாருங்கள். பெரியவர் இப்போது இல்லை. அந்தக் கைவிளக்கு வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஷில்லாங்கில் இருந்தவன்:
மேகாலயாவின் காசி மலைப்பக்கம் வேலை பார்த்தபோது சாலையோரத்தில் ஒரு கிழவி செருப்பு ஆர்க்கிடைப் பூவோடு ஒற்றைக் கொத்துகளாகக் கட்டி விற்றார். கன்று இல்லை, வேர் பாதி அறுந்திருந்தது. "அடுத்த வருடமும் பூக்குமா?" என்று அருகில் நின்ற பெண் ஆசையாகக் கேட்டார். பூக்கும் என்றார் கிழவி. வாய் திறக்காமல் நான் நகர்ந்துவிட்டேன். காட்டிலிருந்து பிடுங்கியதை யாரும் வாங்கக் கூடாது. இந்தச் செடி இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. நம் அகத்தியமலைக்கே உரிய ட்ரூரி என்ற செருப்பு ஆர்க்கிட் இப்படிப் பிடுங்கிப் பிடுங்கித்தான் அரிதாகிப்போனது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பினாங்குத் தோழி:
தேனி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். காம்பு ஓய்ந்ததும் எழுதுகிறேன். ஆனால் பதினோரு பூவை ஒரே பூப்பு என்று எண்ண மனம் இடம் கொடுக்கவில்லை.

குன்னூர்வாசி:
இன்று காலை எருக்குழியைக் கிளறினேன். முட்டைக்கோஸ் இலைகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டு இலை போய்விட்டது, மூன்று பச்சையாகவே இருக்கின்றன. கழுவி, ஈரப்பாசியில் சுற்றி, சின்னத் தொட்டியில் நிழலில் வைத்திருக்கிறேன். கண் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.