ஸ்டென்சில் வரைந்தவரைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நகரத்துச் சுவரோவியங்களையும் கிராஃபிட்டிகளையும் தேடிப்போய்ப் படமெடுத்து, வரைந்தவர்கள் பெயரோடு தொகுத்து வருகிறேன். அதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

பெரிய சுவரோவியம் என்றால் கவலை இல்லை. கீழ் மூலையில் பெரும்பாலும் கையெழுத்தோ இன்ஸ்டாகிராம் பெயரோ இருக்கும். ஸ்டென்சில், அதாவது உருவம் வெட்டிய அட்டையை வைத்து அதன்மேல் பெயின்ட் அடித்துப் பதிக்கும் படம்தான் திணறடிக்கிறது. இப்போது தேடுவது, ஒரு மின்பெட்டிக் கதவில் இருக்கும் காகம். கறுப்பும் சாம்பலுமாக இரண்டு அடுக்கு. சாம்பல் அடுக்கு ஒரு நூல் நகர்ந்து விழுந்ததில் சிறகு படபடப்பதுபோலவே இருக்கிறது. கண்ணைச் சுற்றி, வெட்டிய அட்டை பிய்ந்துவிடாமல் இருக்க விட்ட இணைப்புகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. அவ்வளவு நல்ல கை, ஆனால் பெயர் இல்லை.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களைப் புரட்டினால் காலத்தை ஓரளவு கணிக்கலாம். படத்தை வைத்துத் தேடியும் பார்த்தேன், பலன் இல்லை. வேறு வழி இருக்கிறதா? அக்கம்பக்கத்தில் விசாரித்தால் யாராவது வெள்ளையடித்துவிடுவார்களோ என்று பயம்.

அப்புறம் இன்னொன்று. அனுமதி வாங்காமல் வரைந்தது என்றால் சரியான இடத்தைப் பொதுவில் போடலாமா? பாரிஸில் 1981-இல் ஸ்டென்சில் அடிக்கத் தொடங்கிய பிளெக் லெ ராட் என்ற தெருக்கலைஞர், 1991-இல் போலீஸில் சிக்கிய பிறகு, முன்கூட்டியே தயாரித்த போஸ்டர்களை ஒட்டும் முறைக்கு மாறினார். நம்மால் யாருக்கும் அப்படி நெருக்கடி வரக் கூடாது. இப்படித் தொகுத்த அனுபவம் உள்ளவர்கள் எதை வெளியிடுகிறீர்கள், எதை மறைக்கிறீர்கள் என்று சொல்லுங்களேன்.