எல்ஃப்களின் மறைவுலகில் இடம் கிடைத்தவர்கள்: ஸ்காட்லாந்து அனுபவங்கள்

வடகடல்:

ஊரோடு ஒட்டாத ஒருவரை, எல்ஃப்கள் எனப்படும் மாய மாந்தரின் மறைவுலகம் தன்னவராக ஏற்றுக்கொண்டது என்று சொல்லும் கதைகள் ஸ்காட்லாந்தில் ஏட்டோடு நிற்பதில்லை. இன்ன குன்று, இன்ன கல், இன்ன ஆற்றங்கரை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அவ்விடங்களுக்குச் சென்றவர்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதுமாறு கேட்டுக்கொண்டு, நானே தொடங்குகிறேன்.

மெல்ரோஸுக்கு அருகே மூன்று முகடுகளாக எழுந்து நிற்கும் எயில்டன் குன்றுகளின் அடிவாரத்தில் ‘ரைமர் கல்’ இருக்கிறது. உள்ளூர் இலக்கியச் சங்கத்தினர் 1929இல் நாட்டிய கல் அது. 13ஆம் நூற்றாண்டில் எர்சில்டூன் என வழங்கிய இன்றைய எர்ல்ஸ்டனில் வாழ்ந்த தாமஸ் என்ற பாடகர், அங்கே நின்ற எயில்டன் மரத்தடியில்தான் எல்ஃப் ராணியைச் சந்தித்தார் என்பது மரபு. பச்சைப் பட்டு உடுத்தி, பிடரியில் வெள்ளி மணிகள் குலுங்கும் குதிரையில் வந்தவளை விண்ணுலக அரசி என்றெண்ணி அவர் வணங்க, அவளோ தான் எல்ஃப்லாந்தின் ராணி என்று திருத்துகிறாள். முட்கள் அடர்ந்த ஒடுங்கிய பாதை அறத்துக்கும், அகன்ற பாதை தீமைக்கும் போகின்றன என்று காட்டிவிட்டு, பெரணிச் சரிவில் வளைந்து செல்லும் மூன்றாவது பாதையில் அவரை அழைத்துப் போகிறாள். அங்கே என்ன கண்டாலும் வாய் திறக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஏழு ஆண்டுகள் மண்ணுலகில் எவரும் அவரைக் காணவில்லை.

இதைச் சொல்லும் பழைய கதைப்பாடலில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. பொய் பேசவே முடியாத நாக்கைத் தரும் ஆப்பிள் ஒன்றை ராணி கொடுக்கும்போது தாமஸ் மகிழ்வதில்லை, சினம் கொள்கிறார். அந்த நாக்கோடு சந்தையில் எதையாவது வாங்கவோ விற்கவோ முடியுமா, பிரபுக்களிடம் பேச முடியுமா, ஒரு பெண்ணிடம் தயவு கேட்கத்தான் முடியுமா என்பது அவர் வாதம். மறைவுலகத்திலிருந்து அவர் கொண்டுவந்த பரிசே அவரை ஊருக்கு மேலும் அந்நியராக்கியிருக்க வேண்டும். பிற்காலத்தில் ஒரு விருந்தின் நடுவே, ஓர் ஆண்மானும் பெண்மானும் ஊர்த்தெருவில் அச்சமின்றி நடந்துவருவதாகச் செய்தி வந்ததும், அவர் மறுபேச்சின்றி எழுந்து அவற்றின் பின்னே காட்டுக்குள் போய்விட்டார் என்கிறார்கள்.

கல்லருகே நாயோடு வந்த முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “அவர் சாகவில்லை, போயிருக்கிறார்” என்றார், பக்கத்து வீட்டுக்காரர் வெளியூரில் வேலைக்குப் போயிருப்பதைச் சொல்வது போல. சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அமானுஷ்யம் என்று எனக்கு நேர்ந்தது அவ்வளவுதான்.

நூலகவாசி:

நான் சென்றது அபர்ஃபாயில் ஊரின் டூன் குன்றுக்கு. அவ்வூர்ப் பாதிரியாராக இருந்த ராபர்ட் கிர்க், மறைவுலகத்தாரின் வாழ்க்கையை ஓர் இனவரைவியலாளரைப் போல எழுதிவைத்துவிட்டு, 1692இல் அந்தக் குன்றில் உலாவப் போனபோது விழுந்து இறந்தார். இறக்கவில்லை, கொண்டுபோகப்பட்டார் என்பது ஊர் வழக்கு. உறவினர் ஒருவருக்கு அவர் தோன்றி, தன் குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது வருவதாகவும், அப்போது தன் தலைக்கு மேலாகக் கத்தியை எறிந்தால் விடுதலை கிடைக்கும் என்றும் சொன்னாராம். அவர் வந்தார், எறிய வேண்டியவர் திகைப்பில் கையைத் தூக்கவே இல்லை.

உச்சியில் உள்ள பைன் மரத்தில்தான் கிர்க்கின் ஆவி அடைபட்டிருக்கிறது என்பார்கள். சுற்றியுள்ள மரங்களில் வண்ணத் துணிகளும் நாடாக்களும் கட்டப்பட்டு, பலவற்றில் வேண்டுதல்கள் எழுதப்பட்டுள்ளன. மழையில் மை கரைந்த ஒரு மஞ்சள் துணியில், பிள்ளையின் கோணல் எழுத்தில், புதிய பள்ளியில் ஒரு தோழி வேண்டும் என்றிருந்தது. பக்கத்துத் துணி, தேர்வில் தேற வேண்டும் என்று கேட்டது. கோயில் மரத்தில் கேட்பதையெல்லாம் இங்கும் கேட்கிறார்கள். ஆனால் அந்த மஞ்சள் துணி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஈரக்காலணி:

இருவரும் அந்த உலகத்தைச் சற்று அதிகமாகவே புகழ்கிறீர்கள். செல்கிர்க்குக்கு அருகே எட்ரிக் ஆறும் ‘யாரோ’ (Yarrow) என்ற ஆறும் கூடும் கார்ட்டர்ஹாவுக்கும் போய்வாருங்கள். அவ்விடத்துக் கதைப்பாடலின் நாயகன் டாம் லின்; சாலையோரம் டாம்லேன் என்ற அவன் பெயரில் ஒரு கிணறும் இருக்கிறது. வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்த டாம் லின்னை எல்ஃப் ராணி தாங்கிப் பிடித்து, பசுங்குன்றுக்குள் வைத்துக்கொண்டாள். இனிய நாடுதான் என்று அவனே சொல்கிறான். ஆனால் ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்கு அவர்கள் ஓர் உயிரைக் கப்பமாகக் கட்ட வேண்டும். கொழுத்த உடல் கொண்ட தானே அந்தக் கப்பம் ஆகிவிடுவேனோ என்று அஞ்சுகிறான். அவன் கருவைச் சுமந்த ஜேனட் ஹாலோவீன் நள்ளிரவில் அவனைக் குதிரையிலிருந்து இழுத்து, பாம்பாகவும் கரடியாகவும் பழுத்த இரும்பாகவும் அவன் மாறியபோதும் பிடியைத் தளர்த்தாமல் மீட்டாள். இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தால் உன் கண்களைப் பிடுங்கி மரக்கண் வைத்திருப்பேன் என்று ராணி அவனைச் சபிக்கிறாள். இதைக் காதல் என்பீர்களா?

வடகடல்:

நியாயமான கேள்வி. ஆனால் அதே கப்பம் தாமஸின் கதையிலும் வருகிறது. லிங்கன் பேராலய நூலகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி கூறும் பழைய வடிவத்தில், தாமஸோடு கூடியதும் ராணியின் அழகு முழுவதும் அழிந்து, ஒரு கால் கறுத்து மறு கால் சாம்பல் நிறமாகி, உடல் ஈயம் போலாகிவிடுகிறது. அந்தக் கோலத்தில் நின்றவளோடுதான் அவர் புறப்பட்டுப் போகிறார். அவளுடைய கோட்டையை நெருங்கும்போதே பழைய அழகு திரும்புகிறது. பிறகு ஒருநாள் அவள் திடீரென்று கிளம்பச் சொல்லும்போது, வந்து மூன்று நாள்தானே ஆகிறது, இருக்க விடு என்று கெஞ்சுகிறார். மூன்று நாள் அல்ல, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்கிறாள் அவள். நாளை நரகத்தின் தூதன் கப்பம் வாங்க வருவான், அவன் கண் உன் மீதுதான் விழும் என்று சொல்லி, தானே அவரை எயில்டன் மரத்தடியில் கொண்டுவந்து விடுகிறாள்.

இரண்டு கதைகளிலும் வருபவள் ஒரே ராணி என்றே நான் படிக்கிறேன். டாம் லின்னை அவளிடமிருந்து பறித்தார்கள். தாமஸை அவளே கொண்டுவந்து விட்டாள், பின்னர் அந்த மான்களை ஆளாகவும் அனுப்பினாள்.