மொட்டை மாடி முழுக்கச் செடி போட்டால் என்ன லாபம்?

மேல்வீட்டுக்காரி:
நாங்கள் இருப்பது கடைசி மாடி. ராத்திரியானாலும் கூரை அனலடிக்கிறது. தொட்டிச்செடி அல்ல, தளம் முழுக்க மண் பரப்பிப் பசுமைக் கூரை போடலாமா என்று யோசனை. பக்கத்து வீட்டு அண்ணன் "மண்ணைக் கொட்டினால் ஒழுகும்" என்கிறார். சூடு தணிவதைத் தவிர வேறு பலன் உண்டா?

கொத்தனார் மகன்:
கூரை வேலைதான் நமக்குப் பிழைப்பு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்ங்க.

வெறும் தளம் உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். செடி இருந்தால் வெயிலை இலை வாங்கிக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்) வெப்பம் வேண்டும். மண் காய்ந்துவிட்டால் நிழல் மட்டும்தான் மிச்சம். அதோடு இந்தக் குளிர்ச்சி பெரும்பாலும் கடைசி மாடிக்குத்தான். கீழ்வீட்டுக்காரர்களிடம் கரண்ட் பில் குறையும் என்று சொல்லிப் பணம் கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால் பெரிய லாபம் வாட்டர்ப்ரூஃபிங்குக்குத்தான். அதைக் கெடுப்பது வெயிலின் புற ஊதாக்கதிர், அப்புறம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவது. மண்ணுக்கடியில் இரண்டும் அடங்கிவிடும், ஆயுசு கூடும். அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் உண்டு: மண் போட்ட பிறகு ஒழுகினால் ஓட்டையைத் தேடுவது நரகம். அதனால் மண் ஏறுவதற்கு முன்பே தளத்தில் தண்ணீர் கட்டி, ஒரு நாளாவது நிறுத்திப் பாருங்கள். கீழிருந்து வரிசை இது: வாட்டர்ப்ரூஃபிங், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடுகிற வடிதுணி, அதற்கு மேல்தான் மண். வேர்த்தடுப்பு வேண்டாம் என்கிற ஆளிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

மழை விஷயமும் உண்டு. சின்ன மழையை மண்ணே குடித்துவிடும், பெருமழையில் வடிவதைத் தாமதப்படுத்தும். மண் ஊறிவிட்டால் அதற்கு மேல் பிடிக்காது. ஊர்ச் சாக்கடைக்கு அந்தத் தாமதமே உதவி. டொரண்டோவில் பெரிய புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கி 2009-லேயே சட்டம் போட்டார்கள்.

தேனீ:
சோலார் வைக்கிற எண்ணம் இருந்தால் செடிக்கு மேலேயே உயர்த்தி வையுங்கள். பேனல் சூடாகச் சூடாக மின்சாரம் குறையும், டிகிரிக்குச் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம். கீழே ஈரம் இருந்தால் அது கொஞ்சம் குளிரும். எனக்கென்னவோ பட்டாம்பூச்சி வருவதே போதும்.

மேல்வீட்டுக்காரி:
எடை தாங்குமா அண்ணா? பழைய கட்டடம்.

கொத்தனார் மகன்:
அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்மா. தோட்டத்து மண் 10 செ.மீ. ஊறி நின்றால் சதுர மீட்டருக்கு 180, 200 கிலோ வரும். எடை குறைந்த கலவை போட்டாலும் 100-க்கு மேல். பழைய கட்டடம் என்றால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் நேரில் பார்க்காமல் ஒரு சட்டி மண்கூட ஏற்றக் கூடாது. அவர் சரி என்றால் வடிகுழாய் வாயைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு வெறும் சரளை போடுங்கள், அங்கே செடி வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்னால் அதைத் திறந்து சருகு அள்ள ஒருவர் வேண்டும். அது யார் என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.