மறு: 'ஸ்கை கார்டன்': வான்தோட்டமா, முற்றமாடியா?

வணக்கம் நண்பர்களே,

அடுக்குமாடிக் கட்டடத்தின் தளங்களில் அமைக்கும் பொதுத் தோட்டமான 'ஸ்கை கார்டன்'-க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில், முற்றம் என்ற சொல்லை வைத்து நான் சொன்னதற்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> வான்தோட்டம் என்றே வைத்துவிடலாமே. அழகாகவும் இருக்கிறது, புரியவும் புரிகிறது.

அழகுதான் ஐயா. வீடு விற்கிற விளம்பரத்துக்கு அது போதும். நான் மொழிபெயர்ப்பது துபாய், ஷார்ஜா அடுக்குமாடிகளில் செடிகளைக் கவனிக்கும் நம் ஆட்களுக்கான பராமரிப்புக் கையேடு. அவர்களுக்கு வானத்தைவிடப் பாரம்தான் கவலை. சாதாரண ஈரமண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாது. புல்லுக்கு ஒரு சாண் மண் போதும், மரத்துக்கு இடுப்பளவாவது வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம் காஃப். வேறொன்றுமில்லை, நம் வன்னி மரமேதான். பாலைவனத்தில் அது தழைப்பதே பல மீட்டர் ஆழத்துக்கு வேர் இறக்கித் தண்ணீர் தேடுவதால்தான். கீழே ஐந்து மாடிக்குக் கார் நிறுத்தம் இருந்தால் அந்த வேர் எங்கே போகும்?

மாடித்தோட்டமும் சரிவராது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பைகளில் வளரும் கத்தரியும் தக்காளியும்தான் நினைவுக்கு வரும். தொங்குதோட்டம் பாபிலோனுக்குப் போய்விட்டது.

அப்புறம், இது வெறும் தோட்டமும் இல்லை. எங்கள் கட்டடத்தில் ஆறாவது தளம். ஜூலையில் மாலை ஐந்து மணிக்குப் போனால் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது, ஓர் ஆள் இருக்கமாட்டார். எட்டு மணிக்கு மேல் லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கொட்டுகிறார்கள். மகன் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் வந்த அம்மாக்கள் ஃபிளாஸ்க்கோடு வந்து காகிதப்பூத் தொட்டியின் விளிம்பில் வரிசையாக உட்காருவார்கள். கல் பெஞ்சு நான்கு இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கல் அது. தொட்டி விளிம்புக்குச் செடியின் நிழல் இருந்திருக்கும். பெயரில் அந்த அம்மாக்களுக்கும் இடம் வேண்டும் என்பது என் கட்சி.

அதனால்தான் முற்றம் என்றேன். அபுதாபி நகரத் திட்டக்காரர்களும் புதுக் குடியிருப்புகளுக்கு நெறிமுறை எழுதும்போது பழைய சொற்களைத்தான் தேடிப் போனார்கள். அக்கம்பக்கத்துக்கு ஃபரீஜ், சந்துக்கு சிக்கா, வீடுகளுக்கு நடுவிலுள்ள திடலுக்கு பராஹா.

> முற்றம் என்றால் தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும். இருபதாவது மாடியில் ஏது வானம்?

நியாயமான கேள்வி. சவுதி அரேபியாவின் ஜித்தாவில் 1983இல் முடிந்த நேஷனல் கமர்ஷியல் பேங்க் கட்டடத்தைப் பாருங்கள். வீடல்ல, அலுவலகம்தான். ஆனால் பாலைவனக் கோபுரத்துக்குள் தோட்டம் வைப்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது, 27 மாடி, முக்கோண வடிவம். வெளிச்சுவரில் ஜன்னலே கிடையாது. பக்கச் சுவர்களில் பல மாடி உயரத்துக்கு மூன்று பெரிய திறப்புகளை வெட்டி, உள்ளே தோட்டம் வைத்திருக்கிறார். ஜன்னல்கள் எல்லாம் அதைப் பார்த்தே திறக்கின்றன. சூடான காற்று நடுவிலுள்ள கூண்டு வழியாக மேலேறிப் போய்விடும். முற்றம் வைத்த வீட்டை நிமிர்த்தி நிறுத்தியதுபோல இருக்கிறது. வானம் தலைக்கு மேல் தெரியாமல் பக்கவாட்டில் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனவே முற்றமாடி. மொட்டைமாடி என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதல்ல. கார் நிறுத்தத்தின் மேல் இருந்தால் கீழ் முற்றமாடி, கோபுரத்தின் நடுவில் இருந்தால் இடை முற்றமாடி. 'முற்றம் ஆடி' என்று யாராவது பிரித்துப் படித்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். திண்ணைமாடி எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் திண்ணையில் வழிப்போக்கரும் படுக்கலாம். இங்கே அட்டையைக் காட்டினால்தான் கதவே திறக்கும்.

கையேட்டில் ஒரு வரியை வைத்துப் பார்த்தேன்:

"ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை முற்றமாடியில் நேர்வெயிலில் வேலை செய்யக் கூடாது. சொட்டுநீர்க் குழாய்களை விடியற்காலையில் சரிபார்க்கவும்."

எங்கேயாவது இடறுகிறதா? வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.

அடுத்து 'பிளாண்டர்', அதாவது மண் நிரப்பிச் செடி வைக்கும் தொட்டி, பாக்கி இருக்கிறது. வெறும் தொட்டி என்று போட முடியாது. முதல் வரைவில் 'புதுத் தொட்டிகளை விளிம்புவரை நிரப்பவும்' என்று எழுதியிருந்தேன். ஒரு தம்பி மண் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஆறு தொட்டியிலும் தண்ணீர் நிரப்பியிருந்தார்.