ஏற்பா, ஒப்புதலா, கைக்கொள்ளலா?

எல்லோருக்கும் வணக்கம்,

திங்கட்கிழமை ஊட்டியில் வகுப்பு. ஒரு நிறுவனம் அறிவு மேலாண்மைக்கென்று, அதாவது ஊழியர்களின் அனுபவ அறிவைத் திரட்டிப் பகிர்வதற்கென்று, கணினி முறை கொண்டுவந்தால் ஊழியர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்களா என்பது பாடம். அந்த 'எடுத்துக்கொள்வதற்கு'த்தான் தமிழில் ஒரு சொல் தரும்படி உங்களிடம் கேட்டிருந்தேன். நீங்கள் தந்த சொற்களைப் பற்றித்தான் இது.

கோத்தகிரி ஐயா சொல்லும் 'ஒப்புதல்' சரிவராது. கோப்பு ஒப்புதலுக்குப் போயிருக்கிறது என்றால் மேலதிகாரி கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். இங்கே முடிவு கீழே வேலை பார்ப்பவருடையது.

'ஏற்பு' பலருக்கும் பிடித்திருக்கிறது. "ஏற்பது இகழ்ச்சி" என்று ஔவையே சொல்லியிருக்கிறாரே, அது இரத்தல் அல்லவா என்று குன்னூர் அம்மா கேட்டது நியாயம்தான், ஆனால் பொறுப்பேற்பு என்று தினமும் எழுதுகிறோம், யாரும் அங்கே இரத்தலை நினைப்பதில்லை. என் மறுப்பு வேறு. ஏற்பு மனத்தோடு நின்றுவிடும். புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதை விளக்க 1989இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த மாதிரியிலேயே "இது என் வேலைக்கு உதவும்", "கையாளச் சிரமமில்லை" என்ற எண்ணங்கள் ஒரு பக்கம், உண்மையான பயன்பாடு இன்னொரு பக்கம்.

என் மாமா வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர் (தேயிலை பதப்படுத்துவதைக் கவனிப்பவர்) வாடிய இலையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, விட்டதும் அது எப்படி விரிகிறது என்று பார்த்தே வாட்டம் போதுமா என்று சொல்லிவிடுவார். அதையெல்லாம் கணினியில் பதியச் சொன்னார்கள். சரி என்றார், பயிற்சிக்கும் போனார். மூன்றாம் மாதம் பார்த்தால் தினமும் "இலை நன்று" என்று ஒரே வரி. மழை நாளில் எவ்வளவு நேரம் கூடுதலாக வாட்டுவது என்பது கடைசிவரை அவர் கையிலேயே இருந்தது, ஓய்வு பெற்றபோது அவரோடு போய்விட்டது. அவர் ஏற்றார், கைக்கொள்ளவில்லை.

அதனால் 'கைக்கொள்ளல்' என்கிறேன். நன்னூலில் பாடம் சொல்லும் முறையைக் கூறும்போது பவணந்தியார் மாணவனைக் 'கொள்வோன்' என்கிறார், பாடம் கேட்பதைக் 'கோடல்' (கொள்ளுதல்) என்கிறார். அறிவுக்குக் 'கொள்' பழைய உறவு. கோடல் என்றே வைத்துவிடலாம் என்ற தம்பியின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் பிள்ளைகள் கோடு என்று படிப்பார்கள், தெரிந்தவர்களுக்கோ கோடல் என்றே பெயர்கொண்ட வெண்காந்தள் பூ நினைவுக்கு வரும்.

பெரும்பாலோர் சொல்வதால் பாடத் தலைப்பில் 'ஏற்பு' இருக்கட்டும். பயன்பாடு பேசும் இடத்தில் கைக்கொள்ளல் என்றுதான் எழுதப்போகிறேன். அப்புறம், "இது என் வேலைக்கு உதவும்" என்ற அந்த எண்ணத்துக்கு 'உணரப்பட்ட பயன்' வேண்டவே வேண்டாம், அப்படி யார் பேசுகிறார்கள்? 'பயன்படும் என்ற எண்ணம்' நீளம்தான். குறுக்கித் தர முடிந்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.